கூரைக்கு இலவச வெள்ளைப் பூச்சு: வாங்கலாமா, வேண்டாமா?

சென்ற கத்திரி வெயிலில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்ததும் திருவொற்றியூரில் ஒரு வீட்டுக்கு நோய் விசாரிக்கப் போயிருந்தோம். கணவரை இழந்த தாயார், அறுபது வயதைத் தாண்டியவர். ஜாக்கெட், நைட்டி தைத்துக் கொடுத்துதான் பிள்ளைகளை வளர்த்தார். முதல் நாள் மதியம் தையல் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். வீடு என்பது ஒரே அறை. மேலே சிமெண்ட் ஷீட். கையை உயர்த்தினால் தொட்டுவிடலாம். அஸர் நேரத்திலும் அதிலிருந்து அனல் இறங்கிக்கொண்டிருந்தது.

கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் மகன் பேச்சோடு பேச்சாக, "ஹஜ்ரத், ஸ்கூலுங்களுக்கு எல்லாம் அரசாங்கமே கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சுத் தருதாம். நாளைக்கு வீடுகளுக்கும் வருவாங்கன்னு தெருவுல பேசிக்கிறாங்க. வந்தாலும் நான் பேர் கொடுக்க மாட்டேன். சும்மா தர்றாங்கன்னா பின்னால ஏதாவது இருக்கும். ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் கேப்பாங்க" என்றார்.

அதுவரை பேசாமலிருந்த தாயார், "நீ காலையில போனா ராத்திரிதான் வர்றே. நான்தானே இதுக்குள்ள உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அரசு தரும் இப்படிப்பட்ட உதவி நம் தெருவுக்கு வரும்போது அதை வாங்கலாமா, வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும், மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்பதை நாம் முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. வாசலில் ஆள் வந்து நிற்கும்போது அவசரத்தில் எடுக்கும் முடிவு, சரி என்றாலும் வேண்டாம் என்றாலும், பெரும்பாலும் பிறகு வருந்த வைக்கிறது.

இது என்ன திட்டம்?

'குளிர் கூரை' என்று சொல்கிறார்கள். சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சைக் கூரையின் மேல்பக்கம் அடிப்பதுதான் இது. நமக்கு இது முழுக்கப் புதியதும் இல்லை. ராயபுரத்தில் இன்னும் நிற்கும் பழைய 'மெட்ராஸ் டெரஸ்' வீடுகளைப் பாருங்கள். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட தளம் அது. வெயில் உள்ளே இறங்க வெகுநேரம் ஆகும். அந்தத் தடிமனை நாம் இழந்து, மெல்லிய கான்கிரீட்டுக்கும் ஷீட்டுக்கும் வந்துவிட்டோம். எனவேதான் இப்போது கூரைக்கு மேல் பூச்சு தேவைப்படுகிறது.

அகமதாபாத் நகரில் 2010 மே மாதம் வெயில் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வழக்கமான மே மாதங்களைவிட அந்த மாதம் 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள் என்று பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 2013இல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் குடிசைப் பகுதி வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதும் அதில் சேர்ந்தது. தெலங்கானா அரசு 2023 ஏப்ரலில் குளிர் கூரைக்கென்றே தனிக் கொள்கையை வெளியிட்டு, 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரைப் பரப்பை இப்படி மாற்ற வேண்டும் என்று இலக்கு வைத்தது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளின் கூரைகளில் இந்த வேலை தொடங்கியிருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்பதும் அதில் அடங்கும். வெயிலில் மயங்கி இறப்பது 'வயசாச்சு, போயிட்டாங்க' என்று சொல்லி முடித்துவிடும் விஷயம் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

என்ன பலன், என்ன பலன் இல்லை?

மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு, தன்மேல் விழும் வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். கறுத்துப்போன பழைய தளமோ ஷீட்டோ பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். பூச்சு அடித்த அறையில் மதிய நேரத்தில் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையலாம் என்பது பொதுவான அனுபவம். ஏசி போட்டதுபோல இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கும், காய்ச்சலில் படுத்திருக்கும் ஒரு குழந்தைக்கும் அந்த 2, 3 டிகிரி பெரிய விஷயம்.

ஷீட் வீட்டுக்கும் கான்கிரீட் வீட்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஷீட் வெயில் பட்டவுடன் சூடாகி, வெயில் இறங்கியதும் சீக்கிரம் ஆறிவிடும். அங்கே பலன் பகலில் தெரியும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்து, இஷாவுக்குப் பிறகுதான் அறைக்குள் இறக்கும். அங்கே பலன் இரவுத் தூக்கத்தில் தெரியும்.

வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில் பலன் முக்கியமாக மேல்தளத்தில் இருப்பவர்களுக்குத்தான். தரைத்தளத்தில் இருப்பவருக்கு இதனால் எதுவும் மாறாது. கடலோரத்துப் புழுக்கத்தையும் எந்தப் பூச்சும் குறைக்காது. அதற்கு ஜன்னலும் காற்றோட்டமும்தான் வேண்டும்.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. வெள்ளை வெள்ளையாக இருக்கும் வரைதான் வேலை செய்யும். ராயபுரத்துக்காரர்களுக்கு நிலக்கரித் தூசியைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது; அந்தச் சரக்கு எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. இங்கே மூச்சு விட்டோம், எண்ணூர் மக்கள் அதைச் சுமந்தார்கள். அனல்மின் நிலையங்களின் சாம்பல், லாரிகள் கிளப்பும் புழுதி, உப்புக் காற்று எல்லாம் சேர்ந்தால் பூச்சு சீக்கிரமே மங்கிவிடும். கோடைக்கு முன் ஒருமுறை கழுவிவிட வேண்டும். 'அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவோம்' என்பவர்களிடம், மறுமுறை யார் அடிப்பார்கள் என்று கேட்பது நம் உரிமை.

இலவசம் தவறாகப் போன இடங்கள்

மகனுடைய சந்தேகத்தை நாம் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. பணக்கார நாடுகளிலேயே இப்படிப்பட்ட திட்டங்கள் தடம் புரண்டிருக்கின்றன.

ஆஸ்திரேலிய அரசு 2009 பிப்ரவரியில் வீடுகளின் கூரைக்குள் வெப்பக் காப்பு வைத்துத் தரும் திட்டத்தை அறிவித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வேலை நடந்தது. அரசுப் பணம் கொட்டுகிறது என்றதும் அனுபவமில்லாத ஒப்பந்தக்காரர்கள் புற்றீசல்போல் வந்தார்கள். 16 முதல் 25 வயதுக்குள் இருந்த 4 இளைஞர்கள் வேலையின்போது இறந்தார்கள். 3 பேர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் இருந்த கடும் வெப்பத்தால். ஒரே ஆண்டில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2014இல் அரச விசாரணை ஆணையம் அந்த அவசரத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

பிரிட்டனில் சுவர்களுக்கு அரசுத் திட்டத்தில் வெப்பக் காப்பு செய்து கொடுத்தார்கள். அங்குள்ள தேசிய தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கைப்படி, வெளிச்சுவரில் செய்த வேலைகளில் 98 சதவீதத்தில் திருத்தியே ஆக வேண்டிய பெரிய குறைகள் இருந்தன. சரியாகச் செய்யாத இடங்களில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தது.

இரண்டு இடத்திலும் கெடுதல் வந்தது வெப்பக் காப்பினால் இல்லை; இலவசமாகத் தந்ததாலும் இல்லை. யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று யாரும் பார்க்காததால் வந்தது. எனவே 'வேண்டாம்' என்று கதவை மூடுவதைவிட, கதவைத் திறந்து கேள்வி கேட்பதே நமக்குப் பாதுகாப்பு.

மார்க்கம் என்ன சொல்கிறது?

வெப்பத்தைத் தாங்கிக்கொள்வதுதான் பொறுமை, அதற்கு வழி தேடுவது ஆடம்பரம் என்று சிலர் நினைக்கிறார்கள். கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையையே சற்றுத் தணிந்த பிறகு தொழும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். தொழுகையிலேயே வெப்பத்தின் சிரமத்தைக் கணக்கில் எடுத்த மார்க்கம், நம் வீட்டுப் பெண்களும் முதியவர்களும் படும் சிரமத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுமா?

'அரசு தருவது நமக்கு ஆகுமா?' என்பது அடுத்த கேள்வி. நபி (ஸல்) அவர்கள் கொடுத்த ஒன்றை உமர் (ரலி) அவர்கள் தன்னைவிட வறியவருக்குக் கொடுக்கும்படி சொன்னபோது, நாமாகக் கேட்காமலும் அதன்மீது ஆசை வைக்காமலும் வருவதை ஏற்றுக்கொள்ளலாம் என்ற கருத்தில் அண்ணலார் பதில் சொன்ன செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. அரசு நிதி என்பது மக்கள் அனைவரின் வரிப்பணம். ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் நாமும் வரி கட்டுகிறோம். அதிலிருந்து குடிமக்களுக்கு வரும் பொது உதவியை வாங்குவது பிச்சையும் இல்லை, எந்தக் கட்சிக்கும் நன்றிக்கடனும் இல்லை.

இதை ஜகாத்தோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். ஜகாத்துக்கு உரியவர்கள் யார் என்பதைக் குர்ஆன் வரையறுத்துவிட்டது. வசதியுள்ளவர் அதைத் தொடக்கூடாது. அரசுத் திட்டம் எல்லா வீட்டுக்கும் என்றால் வசதியுள்ளவரும் வாங்கலாம். ஏழைகளுக்கு மட்டும் என்று நிபந்தனை இருந்தால், பொய் வருமானச் சான்றிதழ் கொடுத்து வாங்குவது பொய்யும் மோசடியுமாகும். பொது நிதி அமானிதம். ஒரு வீட்டுக்கு இரண்டு பெயரில் வாங்குவது, அடிக்காமலேயே அடித்ததாகக் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தக்காரரிடம் பங்கு வாங்குவது, இவையெல்லாம் அந்த அமானிதத்தில் கை வைப்பதே.

ஆவணம் கேட்டால்?

பல வீடுகளில் உண்மையான தயக்கம் இங்கேதான் இருக்கிறது. 2020 தொடக்கத்தில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து வண்ணாரப்பேட்டையில் நம் தாய்மார்கள் இரவு பகலாக அமர்ந்திருந்தார்கள். அந்த நாட்களில் 'கணக்கெடுக்க யார் வந்தாலும் விசாரிக்காமல் எதையும் கொடுக்காதீர்கள்' என்று மிம்பரில் சொன்னவர்களில் நாமும் உண்டு. அன்று சொன்னது தேவையாக இருந்தது. ஆனால் 'விசாரிக்காமல் கொடுக்காதீர்கள்' என்று நாம் சொன்னது, சில வீடுகளில் 'எதற்குமே பெயர் கொடுக்காதீர்கள்' என்று தங்கிவிட்டது. அதனால் மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் முதியோர் உதவித்தொகையையும் கேட்காமலே விட்ட குடும்பங்களை நமக்குத் தெரியும். அதில் நம் பங்கும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

விசாரித்துக் கொடுப்பது எப்படி என்பதைச் சொல்லாமல் விட்டோம், இப்போது சொல்கிறோம். வருபவரின் அடையாள அட்டையைப் பாருங்கள். எந்தத் துறை, என்ன திட்டம் என்று எழுத்தில் கேளுங்கள். வார்டு அலுவலகத்தில் நேரில் போய் உறுதி செய்துகொள்ளுங்கள். கூரைக்குப் பூச்சு அடிக்க முகவரிச் சான்று தேவைப்படலாம். நகல் கொடுத்தால், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் தேதியையும் அதன்மேலேயே எழுதிக் கொடுங்கள். அசல் பட்டாவோ பத்திரமோ யாரிடமும் தர வேண்டாம். போனுக்கு வரும் ஓடிபியைச் சொல்லவே கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம். 'முன்பணம் கட்டினால் உங்கள் வீட்டுக்கு முதலில்' என்பவர் ஏமாற்றுக்காரர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கூரை யாருடையது?

வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் அனுமதி இல்லாமல் கூரையில் எதுவும் செய்யக்கூடாது. வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை: பொதுப் பணத்தில் வந்த குளிர்ச்சியைக் காட்டி வாடகையை ஏற்றுவது நியாயமில்லை. பாகம் பிரிக்காத பூர்வீக வீடு என்றால், பங்குள்ள எல்லோரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள், சகோதரிகளையும் சேர்த்துத்தான். வக்ஃபு இடத்தில் குடியிருப்பவர்கள் முத்தவல்லியிடம் பேச வேண்டும். முத்தவல்லிகளும் ஜமாஅத் நிர்வாகிகளும் பள்ளிவாசல், மதரஸா கூரைகளைப் பற்றி இப்போதே யோசிக்கலாம். மதரஸாவில் மதிய வகுப்பில் பிள்ளைகள் தூங்கி விழுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை.

அண்டைவீட்டாரின் உரிமை தனி. ஒருவர் தன் சுவரில் அண்டைவீட்டார் மரக்கட்டை பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்ற நபிமொழியை நாம் அறிவோம். நம் தெருக்களில் ஒரு வீட்டு ஷீட்டை எட்ட வேண்டுமானால் அடுத்த வீட்டு மாடியில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. ஏறிக்கொள்ள இடம் கொடுப்பது அவருடைய நற்செயல். கழுவிய தண்ணீர் அவர் வாசலில் போய் நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

வேலை தொடங்கும் முன்

பழைய சிமெண்ட் ஷீட்டில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார் கலந்திருக்கும். அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோய்விடும். எனவே ஷீட்டைக் கம்பி பிரஷ்ஷால் உலர வைத்துச் சுரண்டவோ, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ, துளை போடவோ விடாதீர்கள். நனைத்து, மென்மையாகத் துடைத்துப் பூச வேண்டும். குழந்தைகள் அந்த நேரத்தில் வேறு வீட்டில் இருக்கட்டும்.

பழைய ஷீட் மனித எடையைத் தாங்காது. அதன்மேல் நேராகக் கால் வைக்கும் தொழிலாளி உடைந்து கீழே விழுவது நம் பகுதியில் கேள்விப்படாத சேதி இல்லை. உத்தரத்தின் மேல் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். மேலே போகும் இ.பி. ஒயரையும் கேபிள் ஒயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். இலவச வேலைக்கு வந்தவர் என்பதற்காக அவருடைய உயிர் மலிவில்லை. உச்சி வெயிலில் மேலே ஏற்றாமல், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்.

ஷீட்டுக்குக் கீழே தெர்மாகோல் ஒட்டித் தருகிறோம் என்றால் யோசியுங்கள். அதே அறையில் கேஸ் அடுப்பு எரியும் வீடுகளில் அது தீ விபத்துக்கு வழி. கூரையின் மழைநீர் தொட்டிக்குப் போகும் வீடுகளில், பூச்சுக்குப் பிறகு வரும் முதல் மழைகளின் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். ஒழுகும் கூரையை முதலில் அடைக்கச் சொல்லுங்கள். ஒழுகலுக்கு மேல் அடித்த வெள்ளை ஒரு மழைக்காலம்கூட நிற்காது.

முடிவு யாருடையது?

இத்தனையும் பார்த்தபின் நம் கருத்து இதுதான்: திட்டம் உண்மையானதென்று உறுதியானால், நிபந்தனைக்குப் பொய் சொல்லாமல் நாம் பொருந்தினால், வேலை ஒழுங்காக நடக்குமென்றால், வாங்கிக்கொள்ளுங்கள். அச்சம் எச்சரிக்கையாக இருக்கும் வரை நல்லது. அது வீட்டில் இருப்பவரை வேக வைக்குமானால் அதில் நன்மை இல்லை.

முடிவெடுக்கும் முன், மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை அந்தக் கூரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் தாய், மனைவி, கைக்குழந்தை, படுக்கையில் இருக்கும் பெரியவர். பெயர் கொடுக்கவா வேண்டாமா என்று தீர்மானிப்பவரோ அந்த நேரத்தில் துறைமுகத்திலோ கம்பெனியிலோ இருக்கிறார். ஆலோசித்துச் செயல்படுவது நம் மார்க்கம் கற்றுத் தந்த பண்பு. அந்த ஆலோசனையில் முதல் வார்த்தை வீட்டுக்குள் இருப்பவருடையதாக இருக்கட்டும்.

அந்த மகனிடமும் இதைத்தான் சொன்னோம். திட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம் என்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பைக் கரைத்து, பிடிப்புக்குக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, நீளக் கம்பில் பிரஷ் கட்டி, பக்கத்து வீட்டு மாடியில் நின்றபடியே எட்டிய வரைக்கும் அடித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் இல்லை. மாடிச் சாவியைக் கொடுத்ததோடு, வாளியையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுண்ணாம்பு மழைக்குக் கரைந்துவிடும். ஒவ்வொரு கோடைக்கும் அடிக்க வேண்டும். நல்ல பூச்சு வந்தால் இன்னும் நல்லது. "வந்தா பேர் கொடுத்துடுறேன் ஹஜ்ரத், உம்மா பேர்லயே" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

நம் வீடுகளை அமைதியும் குளிர்ச்சியும் தரும் இடங்களாக வல்ல அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.